வன்னி வளவில் கறிவேப்பிலையும் புதினாவும்: புதியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2022 பொருளாதார நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுத்து, வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். அந்த நாட்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா பக்கமெல்லாம் வளவுக்கு வளவு ஒரு பாத்தி தெரிந்தது. பிறகு சாமான் விலை கொஞ்சம் இறங்கியதும் பாத்திகளில் புல் ஏறிவிட்டது. இப்போது மறுபடியும் நிறையப் பேர் ஆசைப்பட்டுத் தொடங்குகிறார்கள். கறிவேப்பிலை, புதினா, மல்லி இலை, றம்பை, வல்லாரை என்று குசினிக்குத் தேவையானதை மட்டும் வளர்த்தால் போதும் என்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் முன்பு எங்கள் எல்லாருக்கும் பிழைத்த அதே இடங்களில் இவர்களுக்கும் பிழைக்கிறது.

சாடியின் அடியில் ஓட்டை போடாதது, தண்ணீர் விட மறப்பது போன்றவற்றை இங்கே எழுதவில்லை. அவற்றைச் செடியே ஒரு கிழமையில் சொல்லித் தந்துவிடும். செடி சொல்லித் தராதவை சில உண்டு.

வேலிக்கு முன் விதை

கட்டாக்காலி மாடு, ஆடு, கோழி, மயில். வேலியை அடையுங்கள், பிறகு விதை வாங்குங்கள். குரங்குக்கு வேலியும் போதாது. ஆள் நடமாட்டம் உள்ள குசினி வாசலோடு பாத்தியை வையுங்கள்.

வெயில் காலத்தில் மல்லி விதைப்பது

சித்திரை வருடப் பிறப்போடு எல்லாருக்கும் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்ற உற்சாகம் வந்துவிடும். சித்திரையில் இரண்டு மழை பெய்ததும் மல்லியை விதைப்பார்கள். முளைக்கும். வைகாசியில் சோளகம் எழும்பும். அந்தக் காற்று இலையில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு போகும். மல்லி சூட்டைத் தாங்காமல், நாலு இலை விட்டவுடனேயே தண்டு நீண்டு பூத்துவிடும். பூத்த பிறகு இலைக்கு வழியில்லை. விதை கூடாது என்று கடைக்காரரிடம் போய்ச் சண்டை பிடிப்பதில் பயனில்லை, விதையில் பிழையில்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையும் மல்லிக்கு ஆகாது. அடித்துப் படுக்க வைத்துவிடும். அடைமழை ஓய்ந்து பனி விழத் தொடங்கும் மார்கழிக் கடைசியும் தை மாதமும்தான் எங்கள் பக்கத்துக்குச் சரியான காலம். கறிக்கு வாங்கும் முழு மல்லியே போதும், ஆனால் பழையதாக இருக்கக் கூடாது. ஒரு மல்லிக்குள் இரண்டு விதை இருக்கும். செருப்பால் மெதுவாகத் தேய்த்து இரண்டாகப் பிளந்து, ஓர் இரவு ஊற வைத்து, வளர வேண்டிய இடத்திலேயே நேரடியாக விதையுங்கள். பிடுங்கி நட்டால் மல்லிக்குப் பிடிக்காது.

புதினாவும் வெயில் காலத்தில் திணறும், ஆனால் சாகாது. காலை வெயில் படவும் மத்தியானத்துக்குப் பிறகு நிழல் விழவும் ஒரு மூலை பாருங்கள். வீட்டின் கிழக்குச் சுவரோரம் நல்லது. தகரக் கொட்டிலின் மேற்குப் பக்கம் வேண்டாம். தகரம் வீசும் சூட்டிலேயே வாடிவிடும்.

வயல் மெசினை வளவுக்குள் கொண்டு வருவது

இதைப் பற்றித்தான் முக்கியமாக எழுத வந்தேன். எத்தனை தரம் சொல்லியும் நடந்துகொண்டே இருக்கிறது, எத்தனை தரம் பார்த்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

வன்னியில் வீட்டுத் தோட்டம் செய்கிற அநேகம் பேர் வயல் செய்கிற குடும்பம், அல்லது பக்கத்து வீடு வயல் செய்கிற குடும்பம். கொட்டிலில் முதுகில் சுமக்கும் மருந்து மெசின் ஒன்று நிற்கும். அதன் அடியில் பாதி முடிந்த போத்தல்கள் இரண்டு மூன்று இருக்கும். கறிவேப்பிலையில் புழு கண்டவுடன் கை தானாக அந்தப் பக்கம் போகிறது.

வட்டக்கச்சியில் இருக்கும் மச்சாள் ஒருத்தி, வெட்டிய பிளாஸ்டிக் பரலில் புதினாவும், உரப்பைகளில் தக்காளியும் மிளகாயும் வைத்திருந்தாள். காலபோக மழையில் எல்லாம் செழித்து நின்றது. கறிவேப்பிலைக் கன்றில் புழு வந்தது. அவள் விஷம் எதுவும் வேண்டாம் என்று நினைத்து, வேப்பங்கொட்டையை இடித்து ஊற வைத்து வடித்தாள். அதுவரை எல்லாம் சரி. அண்ணன், வயலில் நின்ற மெசினைக் கொண்டு வந்து, நன்றாகக் கழுவியதாகவும் சொல்லி, அந்த வேப்பங்கரைசலை ஊற்றி எல்லாச் செடிக்கும் அடித்துவிட்டார். சில நாட்களில் புதினாக் கொழுந்துகள் வளைந்து முறுகின. தக்காளி இலை நூல் போல ஒடுங்கியது. மிளகாயும் அப்படியே. ஒன்றும் மிஞ்சவில்லை.

அந்த மெசினால் அதற்கு முந்திய கிழமை வயலில் அகன்ற இலைக் களைகளுக்கு எம்.சி.பி.ஏ. அடித்திருக்கிறார்கள். நெல் புல் வகை என்பதால் தப்பிக்கும். அகன்ற இலையுள்ள செடி எதுவும் தப்பாது. புதினா, மல்லி, வல்லாரை, தக்காளி, மிளகாய் எல்லாம் அந்த மருந்தின் கண்ணுக்குக் களைதான். செடியின் வளர்ச்சியைத் தூண்டும் ஓமோனைப் போலவே அது வேலை செய்வதால், மிகச் சொற்ப அளவு பட்டாலே கொழுந்து முறுகும். தாங்கியை இரண்டு வாளி தண்ணீர் விட்டு அலம்பினால் தாங்கி சுத்தமாகத் தெரியும். றப்பர் குழாய்க்குள்ளும் வாசருக்குள்ளும் வடிகட்டிக்குள்ளும் இருப்பது போகாது.

எனக்கு மிகவும் எரிச்சல் தருவது பிறகு நடந்ததுதான். வேப்பங்கொட்டை அடித்தால் செடி எரிந்துவிடும் என்று அந்த ஒழுங்கை முழுவதும் கதை பரவியது. நல்ல ஒன்று கெட்ட பெயர் எடுத்தது. அதைக் கேட்டவர்கள் நேராகக் கிருமிநாசினிப் போத்தலுக்குப் போனார்கள். அது முதற்பிழையைவிட மோசம்.

ஏன் மோசம் என்றால், கிருமிநாசினிச் சிட்டையில் கடைசியாக அடித்ததற்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்று போட்டிருக்கும். அந்தக் கணக்கு அந்த மருந்துக்கு உரிய பயிருக்கு மட்டும்தான். நெல்லுக்கு எழுதியது புதினாவுக்குப் பொருந்தாது. அதோடு நெல்லை ஒரே நாளில் அறுக்கிறோம். கறிவேப்பிலையை விடிய ஒரு நெட்டு, பின்னேரம் ஒரு நெட்டு என்று தினமும் முறிக்கிறோம். எந்த நாளை எண்ணி எந்த நாளில் நிறுத்துவது? இமிடாகுளோபிரிட் போன்றவை செடியின் சாற்றோடு ஓடுபவை. அவற்றை அடித்தால் இலையைக் கழுவுவதிலும் உப்புத் தண்ணீரில் போடுவதிலும் உள்ளே இருப்பது போகாது. வளவில் நிற்கிறது, நஞ்சில்லாதது என்று நம்பிப் பிள்ளைக்கு அந்த இலையைச் சம்பலில் அரைத்துக் கொடுக்கிறோம். கடையில் வாங்குவதற்குப் பயந்துதானே வீட்டில் நட்டோம்!

சரி, புழுவை என்ன செய்வது? கையால் எடுங்கள். கறிவேப்பிலையிலும் தேசியிலும் வருவது பெரும்பாலும் வண்ணத்துப்பூச்சியின் புழு. சின்னதில் குருவி எச்சம் போல இருக்கும். அதனால்தான் புதியவர்களின் கண்ணுக்குத் தப்புகிறது. வளர்ந்தால் பச்சை. தொட்டால் தலைக்குப் பின்னால் கொம்பு போல ஒன்றை நீட்டி மணம் விடும், கடிக்காது. ஒரு கன்றில் நாலைந்துதான் இருக்கும், காலையில் தண்ணீர் விடும்போது பொறுக்கிவிடலாம். கொழுந்து சுருண்டு ஒட்டும் தன்மையோடு கறுத்தால் அது சாறு உறிஞ்சும் பூச்சி. அந்த நுனிகளைக் கிள்ளி எரித்துவிட்டு, மிச்சத்துக்குப் பின்னேரத்தில் வேப்பங்கரைசல் தெளியுங்கள். ஒரு லீற்றருக்கு 50 கிராம் வேப்பம் பருப்பு, இடித்து, இரவு ஊறவிட்டு, சீலையில் வடித்து, இலையில் ஒட்டுவதற்குச் சொட்டுச் சவர்க்காரம். ஆனி, ஆடியில் வேம்புக்குக் கீழே கொட்டிக் கிடக்கும்போது பொறுக்கி, நிழலில் காய வைத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். தெளித்தால் நாலைந்து நாள் அந்த இலையை ஆயாதீர்கள், கைக்கும்.

தெளிப்பதற்கு ஒரு லீற்றர் கைப்போத்தல் ஒன்று புதிதாக வாங்குங்கள். அதில் வேறெதுவும் ஊற்றாதீர்கள், இரவலும் கொடுக்காதீர்கள்.

கறிவேப்பிலையை இலை இலையாக உருவுவது

நெட்டை விட்டுவிட்டு இலையை மட்டும் உருவினால் மொட்டை நெட்டுத்தான் மிஞ்சும். அது காய்ந்து விழுவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. நெட்டோடு முறியுங்கள். கன்று இடுப்பளவு வந்ததும் நுனியை ஒரு தரம் வெட்டிவிடுங்கள், பக்கக் கிளை வெடிக்கும். மனம் வராது, ஆனால் வெட்டாத கன்று ஒற்றைத் தடியாக மேலே ஓடி, பிறகு ஏணி வைத்துத்தான் இலை பறிக்க வேண்டி வரும்.

கன்றுக்குக் காசு கொடுக்கவும் வேண்டாம். யாருடைய வளவிலாவது பெரிய மரம் நின்றால் அதன் வேரிலிருந்து கிளம்பிய கன்றுகள் சுற்றி நிற்கும். அவற்றை இழுத்துப் பிடுங்கிக் கொண்டுவந்துதான் அநேகம் பேர் சாகடிக்கிறார்கள். முதலில் தாய் வேரோடு உள்ள தொடர்பை மட்டும் மண்வெட்டியால் அறுத்துவிட்டு, அங்கேயே சில கிழமை நிற்கவிடுங்கள். தனக்கென்று வேர் விட்ட பிறகு, மழைக்காலத்தில் மண்ணோடு கிளப்புங்கள். விதை போடுவதென்றால் கறுத்த பழத்தின் சதையைக் கழுவி உடனே போட வேண்டும். காய வைத்து எடுத்து வைத்த விதை முளைக்காது.

பச்சைச் சாணம்

வேரை எரிக்கும். உக்கியதைப் போடுங்கள்.

கழுவுநீரில் வல்லாரை

கிணற்றடி வாய்க்காலில் வல்லாரை தானாகப் படரும், பார்க்க அழகாகவும் இருக்கும். குளிக்கிற தண்ணீரும் பிள்ளைகளின் துணி துவைத்த தண்ணீரும் அதில்தான் ஓடுகின்றன. வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிறோம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த ஈர இடத்தை றம்பைக்கு விடுங்கள். றம்பை கறியில் வெந்துவிடும், அதிலும் நன்றாகக் கழுவித்தான் போடுங்கள். வல்லாரையை நல்ல தண்ணீர் விடும் ஒரு தனிச் சாடியில், அரை நிழலில் வையுங்கள்.

மழைக்குள் கற்பூரவள்ளி

அழுகும். கார்த்திகைக்கு முன் தாழ்வாரத்துக்குள் எடுத்து வைத்து, இரண்டு தண்டை முறித்து வேறு சாடியிலும் ஊன்றிவிடுங்கள்.