தாவீதையும் கிறிஸ்துவையும் ஒப்பிட்டுப் பிரசங்கிப்பது எப்படி

நாசரேத், மெஞ்ஞானபுரம், டோனாவூர் போன்ற நெல்லைச் சீமையின் சபைகளில் லெந்து காலத்தில், அதாவது தவக்காலத்தில், தாவீதையும் இயேசுவையும் ஒப்பிட்டுப் பேசப்போகிறவர்கள், இருவரும் பிறந்த பெத்லகேம் ஊரையும், ஏறக்குறைய 30 வயதில் இருவரும் பணி தொடங்கியதையும் ஓரிரு வாக்கியங்களில் சொல்லிக் கடந்துவிடலாம். ஒப்பீட்டின் அடித்தளம் 2 சாமுவேல் 7-ஆம் அதிகாரம். தாவீதின் சிங்காசனம் என்றென்றைக்கும் நிலைபெறும் என்ற வாக்குத்தத்தம் அங்கேதான் இருக்கிறது.

அடுத்து, 2 சாமுவேல் 15-ஐயும் யோவான் 18-ஐயும் அருகருகே வைத்து நிதானமாகப் படியுங்கள். தமக்கு எதிராகக் கலகம் செய்த மகன் அப்சலோமுக்குத் தப்பியோடும் அரசர் தாவீது கீதரோன் ஆற்றைக் கடந்து, அழுதுகொண்டே ஒலிவமலையில் ஏறுகிறார். அவர் நம்பிய ஆலோசகனான அகித்தோப்பேல் பகைவனோடு சேர்ந்து, பின்னர் நான்றுகொண்டு சாகிறான். இயேசுவும் அதே ஆற்றைக் கடக்கிறார். அவரைக் காட்டிக்கொடுத்த சீடன் யூதாசின் முடிவும் அத்தகையதே. ஆனால் இந்த ஒற்றுமையோடு பேச்சை நிறுத்திவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தாவீதுக்கு வந்த துன்பம், தம் படைவீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு அவனைக் கொல்லச் செய்த பாவத்தின் விளைவு. இயேசுவோ பிறருடைய பாவத்துக்காகச் சென்றார். தாவீதின் குற்றத்தை மறைக்க வேண்டாம், மத்தேயுவே வம்சவரலாற்றில் உரியாவின் பெயரை எழுதியிருக்கிறார். அப்சலோம் கொல்லப்பட்ட செய்தி கேட்டு, மகனுக்குப் பதிலாகத் தாம் இறந்திருக்கலாகாதா என்று தாவீது புலம்பும் 2 சாமுவேல் 18:33-ஐ அவசரமின்றி வாசியுங்கள். அந்தத் தகப்பனால் இயலாததைக் கிறிஸ்து சிலுவையில் செய்தார் என்பதைச் சபையார் தாமே உணர நேரம் கொடுங்கள்.

இறுதியாக, 110-ஆம் சங்கீதத்தை மத்தேயு 22:41-46-உடன் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். தாவீதே, வரவிருந்த மீட்பரான மேசியாவை ஆண்டவர் என்று அழைத்திருக்க, அவர் தாவீதுக்குக் குமாரனாயிருப்பது எப்படி என்று இயேசு கேட்டபோது பரிசேயரால் பதில் சொல்ல முடியவில்லை; அதே கேள்வியை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளிடமும் கேளுங்கள்.