கேடட்டுக்கு வாட்ச் கற்றுக்கொடுப்பது எப்படி

பயிற்சிக் கப்பலில் மேட்டாக (கேப்டனுக்குக் கீழுள்ள அதிகாரியாக) ஏறியிருக்கிறீர்கள், ஏழெட்டு கேடட்டுகளை, அதாவது பயிற்சி அதிகாரிகளை, உங்கள் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், அவர்களுக்கு வாட்ச் (முறைவைத்துக் கப்பலைக் கண்காணித்து ஓட்டும் பணி) கற்றுக்கொடுக்க வேண்டும் என்றால் இது உங்களுக்காக எழுதியது.

1927ல் மும்பையில் டஃபரின் கப்பலில் தொடங்கிய கேடட் பயிற்சி, 1972ல் ராஜேந்திரா கப்பலுக்கு மாறி, 1993ல் சாணக்யா என்ற கல்லூரியாகக் கரையேறிவிட்டது. பாடமெல்லாம் இப்போது கரையில்தான். ஆனால் எஸ்டிசிடபிள்யூ (மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) விதிப்படி 12 மாதக் கடல் பயிற்சி வேண்டும், அதில் குறைந்தது 6 மாதம் பிரிட்ஜ் வாட்ச், அதாவது கப்பலை ஓட்டும் மேல்தளத்தில் வாட்ச். அந்த 6 மாதம் உங்கள் கையில் இருக்கிறது.

முதல் வாரம் போசனிடம் (டெக் மாலுமிகளின் தலைவரிடம்) அனுப்புங்கள். வாந்தி எடுப்பவனை கேபினில் படுக்க விடாதீர்கள். காற்றுப்படும் இடத்தில் தொடுவானத்தைப் பார்க்கச் சொல்லி, காய்ந்த ரஸ்க் கொடுத்து, சின்ன வேலை ஒன்றும் கொடுங்கள். கப்பலைத் துறையில் கட்டும் மூரிங் கயிற்றை விறைப்பேறாத நேரத்தில் காட்டி, அறுந்தால் எந்தப் பக்கம் பாயும் என்று அவனையே நடந்து காட்டச் சொல்லுங்கள். கயிற்று வளையத்துக்குள் கால் வைத்தால் அன்றைக்கு அவனுக்கு டெக் வேலை இல்லை. இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

அப்புறம் பிரிட்ஜ். இரவு வாட்ச்சுக்குக் கால் மணி நேரம் முன்பே வரச் சொல்லுங்கள், கண் இருட்டுக்குப் பழக வேண்டும். முதல் அரை மணி நேரம் ராடார் உங்களுடையது, ஜன்னல் அவனுடையது. "தம்பி, என்ன தெரியுது?" என்று மட்டும் கேளுங்கள். "ஒரு கப்பல் சார்" என்பது பதிலே ஆகாது. எந்தப் பக்கம், எத்தனை மாஸ்ட் விளக்கு, தாழ்ந்த விளக்கு உயர்ந்ததற்கு இடப்பக்கமா வலப்பக்கமா, பக்க விளக்கு சிவப்பா பச்சையா என்று சொல்ல வேண்டும். இவ்வளவும் சொன்னால் அந்தக் கப்பல் எங்கே போகிறது என்பது அவனுக்கே புரிந்துவிடும்.

இதற்கு இலங்கையின் தென்முனை, டோண்ட்ரா ஹெட் பக்கம் அருமையான இடம். சூயஸுக்கும் மலாக்காவுக்கும் போகிற வருகிற கப்பல்கள், நடுவில் மீன்பிடிப் படகுகள். ஒரு விளக்கைத் தேர்ந்தெடுத்து, விங்கில் (பிரிட்ஜின் பக்கவாட்டு மேடையில்) இருக்கும் ரிப்பீட்டரில், அதாவது திசைகாட்டியின் துணை முகப்பில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை பேரிங் (அந்த விளக்கு இருக்கும் திசை, டிகிரியில்) எடுத்து எழுதச் சொல்லுங்கள். 042, 042, 041 என்று வந்தால் அவன் முகத்தைப் பாருங்கள். பேரிங் மாறவில்லை, தூரம் குறைகிறது என்றால் மோதும் ஆபத்து என்று வகுப்பில் படித்தது அங்கேதான் உறைக்கும். பெரிய கப்பலோ மிக அருகில் இருக்கும் கப்பலோ என்றால், பேரிங் மாறினாலும் ஆபத்து இருக்கலாம் என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். அதன்பிறகு ராடாரைக் காட்டுங்கள். திரையில் தெரியும் புள்ளி எது என்று அவனுக்குத் தெரிந்திருக்கும்.

செக்ஸ்டன்ட்டை (வானத்துப் பொருள்களின் உயரக் கோணத்தை அளக்கும் கருவியை) நட்சத்திரத்தில் ஆரம்பிக்காதீர்கள். வெப்பமண்டலக் கடலில் அந்தி சட்டென்று முடிந்துவிடும், பையன் பதறுவான். நண்பகல் சூரியன்தான் நல்ல ஆரம்பம். உச்சியில் கொஞ்ச நேரம் நின்றுகொடுக்கும். கண்ணைக் காக்கும் ஷேடை (கறுப்புக் கண்ணாடியை) முதலில் போடச் சொல்லி, இண்டெக்ஸ் பிழை (கருவியின் சுழியப் பிழை) பார்த்து, சூரியனின் கீழ்விளிம்பைத் தொடுவானத்துக்கு இறக்கட்டும். கருவியைத் தூளி ஆட்டுவதுபோல் மெல்ல ஆட்டினால் சூரியன் ஒரு வில்லாக நகரும். அதன் அடிப்புள்ளி தொடுவானத்தை உரசும்போது நிறுத்த வேண்டும். அட்சரேகை ஒழுங்காக வந்தபிறகு நட்சத்திரத்துக்குப் போகலாம். அங்கே கடிகாரத்தில் 4 விநாடி தவறினால் தீர்க்கரேகையில் ஒரு நிமிடம் போய்விடும், பூமத்தியரேகைப் பக்கம் அது ஒரு கடல் மைல்.

பயிற்சிப் பதிவேட்டில் மாதக் கடைசியில் மொத்தமாகக் கையெழுத்துப் போடும் வழக்கத்தை நான் அடியோடு வெறுக்கிறேன். அவன் செய்ததை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, போடுங்கள். இல்லையென்றால் காலியாகவே இருக்கட்டும். ஓய்வு நேரமும் அப்படித்தான்: 24 மணி நேரத்தில் 10, வாரத்தில் 77. கேடட் என்பதற்காக அதில் கை வைக்காதீர்கள். தூங்காதவன் ஜன்னல் வழியே பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

கடைசி மாதங்களில் வாட்ச்சை அவன் நடத்தட்டும். நினைப்பதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள், நீங்கள் பின்னால் நில்லுங்கள். பொறுப்பு அப்போதும் உங்களுடையதுதான். எதிர்க் கப்பல் எவ்வளவு தூரத்துக்குள் வந்தால் நீங்கள் தலையிடுவீர்கள் என்பதை, கேப்டனின் ஸ்டாண்டிங் ஆர்டரை (நிலையான எழுத்து உத்தரவை) திறந்து வைத்து, வாட்ச் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தலையிட வேண்டி வந்தால் "ஐ ஹேவ் த கான்" (கப்பலை ஓட்டும் பொறுப்பு இனி என்னிடம்) என்று உரக்கச் சொல்லி எடுங்கள். ஆபத்து தாண்டியதும் என்ன நடந்தது என்று இரண்டு வரியில் விளக்கி, அதே வாட்ச்சில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.