பகிர்ந்த எக்ஸல் சேவ் ஆகவில்லையா? முதலில் மூடாதீர்கள்

எக்ஸல் சேவ் ஆகவில்லை என்று யார் அழைத்தாலும், "மூடாதீங்க அக்கா" என்பதுதான் என் முதல் பதில். திரையில் இருப்பதை உங்கள் டெஸ்க்டாப்பில் வேறு பெயரில் சேமித்துவிடுங்கள். காரணம் தேடுவது அதற்குப் பிறகு.

எங்கள் அலுவலகம் புறக்கோட்டையில், ஸ்டோர்ஸ் பேலியகொடையில். பருப்பும் சீனியும் மொத்த வியாபாரம். இரண்டு இடத்திலும் ஒவ்வொரு விண்டோஸ் சர்வர் இருக்கிறது. இருப்புக் கணக்கு ஃபோல்டரை, டிஎஃப்எஸ் ரெப்ளிகேஷன் என்ற விண்டோஸின் நகலெடுக்கும் வசதி இரண்டிலும் ஒன்றுபோல வைத்திருக்கும். ஒரு திங்கட்கிழமை கணக்குப் பிரிவு அக்கா வந்து நின்றார். "தம்பி, காலையில நான் போட்ட 20 வரியையும் காணேல்லை." எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சத்தமில்லாமல் அழிவதுதான் மிக மோசமானது.

நடந்தது இதுதான். ஒருவர் கோப்பைத் திறந்ததும் அவர் இணைந்திருக்கும் சர்வர் அதைப் பூட்டுகிறது. எக்ஸலும் ~$ என்று தொடங்கும் ஒரு மறைகோப்பை அருகில் வைத்து, யார் திறந்திருக்கிறார் என்று குறித்துக்கொள்கிறது. பூட்டு மற்ற சர்வருக்குப் போவதே இல்லை. ~ என்று தொடங்கும் கோப்புகளையும் ரெப்ளிகேஷன் வழக்கமாகத் தவிர்த்துவிடும். ஆகவே பேலியகொடையில் ஸ்டோர் கீப்பர் அண்ணன் அதே கோப்பைத் தாராளமாகத் திறந்து எழுதலாம். கடைசியாகச் சேமித்தவரின் பிரதி நிற்கும், மற்றது ஒதுக்கப்படும்.

ஒதுக்கப்பட்டது உடனே அழிவதில்லை. இரண்டு சர்வரிலும் ஈவென்ட் வியூவரில், அதாவது விண்டோஸ் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவேட்டில், 4412 என்ற எண்ணைத் தேடுங்கள். மோதல் நடந்த கோப்பின் பெயர் அங்கே இருக்கும். பிரதி, ரெப்ளிகேட் ஆகும் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் டிஎஃப்எஸ்ஆர் பிரைவேட் (DfsrPrivate) என்ற ஃபோல்டரில், 'கான்ஃப்ளிக்ட் அண்ட் டிலீட்டட்' என்ற இடத்தில் கிடக்கும். பெயர் நீண்டு மாறியிருக்கும். அங்கே இடம் நிரம்பினால் பழையவை தானாக அழியும், அதனால் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள். அக்காவின் 20 வரியையும் அன்று மதியத்துக்கு முன்பே எடுத்துக் கொடுத்தேன்.

பிழைச் செய்தி வந்து சேவ் மறுக்கப்பட்டால் கதை வேறு. எக்ஸல் மூலக் கோப்பின் மேல் நேரடியாக எழுதுவதில்லை. எட்டு எழுத்துப் பெயரில், பின்னொட்டு இல்லாத புதுக் கோப்பை எழுதி, பிறகு பெயர்களை மாற்றிக்கொள்கிறது. அந்த நொடியில் ஆன்டிவைரஸோ, எக்ஸ்ப்ளோரரின் ப்ரிவியூ பகுதியோ கோப்பைப் பிடித்திருந்தால் சேவ் தடைப்படும். ஃபோல்டரில் அழிக்கும் அனுமதி இல்லாதவருக்கும் இதே கதிதான். எழுத மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது. அப்படிப் பின்னொட்டில்லாத கோப்பு ஏதும் கிடந்தால் அழிக்காதீர்கள். பிரதி எடுத்து, எக்ஸ்எல்எஸ்எக்ஸ் பின்னொட்டைப் போட்டுத் திறந்து பாருங்கள். பல தடவை முழு வேலையும் அதற்குள் இருந்திருக்கிறது.

சரி, நிரந்தரத் தீர்வு? எல்லாரும் ஒரே சர்வரில் எழுத வேண்டும். டிஎஃப்எஸ் மேனேஜ்மென்டில் அந்த ஃபோல்டருக்கு இரண்டு டார்கெட் இருக்கும், அதாவது கணினிகளை எந்த சர்வருக்கு அனுப்புவது என்ற முகவரிகள். அதில் ஒன்றை முடக்குங்கள். ரெப்ளிகேஷன் ஓடட்டும், இரண்டாவது பிரதி அவசரத்துக்கு இருக்கும். கணினிகள் பழைய வழியை வழக்கமாக 1,800 விநாடி, அதாவது அரை மணி நேரம் நினைவில் வைத்திருக்கும். எல்லாரையும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பேலியகொடையில் கோப்பு திறக்கச் சில விநாடி கூடியது. கணக்கு தொலைவதை விட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் ஒவ்வொரு கணினியிலும் ஃபோல்டர் ப்ராப்பர்டீஸில் டிஎஃப்எஸ் பகுதியைத் திறந்து, அந்தக் கணினி எந்த சர்வரோடு இணைந்திருக்கிறது என்று நீங்களே பாருங்கள். டெஸ்க்டாப்பில் உள்ள ஷார்ட்கட்டுகளையும் பாருங்கள். ஸ்டோர் கீப்பர் அண்ணனின் ஷார்ட்கட் ஒன்று பேலியகொடை சர்வரின் பெயருக்கே நேராகப் போய்க்கொண்டிருந்தது. டார்கெட்டை முடக்கியும் அது மட்டும் வேலை செய்தது.