வினாடி வினாவில் சறுக்கும் ஆச்சரியத் தகவல்கள்: பெங்களூரிலிருந்து சில உதாரணங்கள்

பொங்கல் விழா, நவம்பரில் கர்நாடக மாநில நாளான ராஜ்யோத்சவம், நடுவில் பள்ளி விடுமுறை என்று பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வினாடி வினாவுக்குப் பஞ்சமே இல்லை. கேள்வி தயாரிக்கும் வேலை யாராவது ஒருவர் தலையில் விழும். அவரும் முந்தின இரவு வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் அள்ளிப் போட்டு ஒரு தாள் தயார் செய்துவிடுவார். மறுநாள் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலைப் பொறியாளர் கையைத் தூக்கும்போதுதான் வம்பு தொடங்கும்.

இப்படி மாட்டிக்கொள்ளும் தகவல்களில் முழுப்பொய் குறைவு. பெரும்பாலானவை ஒரு காலத்தில் ஒழுங்கான தகவலாக இருந்தவைதான். கை மாற மாற ஊரோ, ஆண்டோ, ‘இந்த நிலையில் மட்டும்’ என்ற வரம்போ உதிர்ந்துபோயிருக்கும். உதிர்ந்ததைத் தேடிச் சேர்த்துவிட்டால், பல சமயம் பழைய தகவலைவிடச் சுவையான ஒன்று கையில் இருக்கும்.

‘முதல்’ என்ற சொல்

பெங்களூரில் அதிகம் கேட்கப்படுவது இது: ஆசியாவிலேயே முதன்முதலில் மின்விளக்கு எரிந்த நகரம் எது? பெங்களூர் என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடலாம். ஆனால் இங்கே தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905 ஆகஸ்ட் 5 அன்று, கே.ஆர். மார்க்கெட் பகுதியில். ஷாங்காய் தெருக்களில் ஆர்க் மின்விளக்குகள் 1882-லேயே எரிந்தன. கல்கத்தாவின் ஹாரிசன் சாலையும் பெங்களூருக்கு முந்தியது. ‘இந்தியாவின் முதல் நீர்மின் நிலையம் சிவனசமுத்திரம்’ என்று மாற்றிக் கேட்டாலும் தப்ப முடியாது. டார்ஜிலிங் அருகே சித்ராபோங் நிலையம் 1897 நவம்பரிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

அப்படியானால் பெங்களூருக்குப் பெருமையே இல்லையா? இருக்கிறது, வேறு இடத்தில். மைசூர் திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் திட்டமிடப்பட்ட சிவனசமுத்திரம் நிலையம் 1902 ஜூனில் மின்சாரம் அனுப்பியது பெங்களூருக்கு அல்ல, மைசூருக்கும் அல்ல. சுமார் 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கவயலுக்கு! அந்தக் காலத்தில் உலகின் மிக நீளமான மின்தடங்களில் அதுவும் ஒன்று. வட ஆற்காட்டுப் பக்கமிருந்து போன ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் உழைத்த அந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் போய் மூன்று ஆண்டு கழித்துத்தான் பெங்களூர்த் தெருவுக்கு வெளிச்சம் வந்தது. “பெங்களூருக்கு முன்பே சிவனசமுத்திரம் மின்சாரம் போய்ச் சேர்ந்த ஊர் எது?” என்று கேட்டுப் பாருங்கள். பழைய கேள்வியைவிட இது நல்ல கேள்வி, தகராறும் வராது.

பொதுவாக முதல், ஒரே, மிகப்பெரிய, மிகப்பழைய ஆகிய நான்கு சொற்களில் ஒன்று கேள்வியில் இருந்தால், எந்த வகையில், எந்த எல்லைக்குள் என்று எழுதிவிட வேண்டும். எழுத முடியவில்லை என்றால் அந்தக் கேள்வியை எடுத்துவிடலாம். பெங்களூர் லால்பாக் பூங்காவில் இருக்கும் பாறை இதற்கு இன்னொரு உதாரணம். அதன் வயது சுமார் 300 கோடி ஆண்டு. தேசிய நிலவியல் சின்னம் என்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை அறிவித்த பாறை அது. இத்தனை இருந்தும் ‘உலகிலேயே பழைய பாறை’ என்று சேர்த்தால் கதை கெட்டது. கனடாவின் அகாஸ்டா பாறைகளுக்கு 400 கோடி ஆண்டு வயது.

இந்தக் கோடிக் கணக்கிலேயே ஒரு பொறி உண்டு. ஆங்கிலத்திலிருந்து எடுக்கும்போது ஒரு பில்லியனை ஒரு கோடி என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு மில்லியன் பத்து லட்சம், ஒரு பில்லியன் நூறு கோடி, ஒரு டிரில்லியன் ஒரு லட்சம் கோடி. லால்பாக் பாறைக்கு மூன்று கோடி வயது என்று யாராவது எழுதியிருந்தால் அது டைனோசர்களுக்கெல்லாம் பிறகு முளைத்த பாறை ஆகிவிடும்.

ஆள் சரி, ஊர் தவறு

சர் சி.வி. ராமன் பெங்களூரோடு அவ்வளவு ஒட்டியவர் என்பதால், ராமன் விளைவும் இங்குள்ள டாடா இன்ஸ்டிடியூட்டில்தான் (இந்திய அறிவியல் கழகம்) கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். 1928 பிப்ரவரி 28 அன்று அவர் இருந்தது கல்கத்தாவில், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில். நோபல் பரிசு 1930-இல். பெங்களூர் டாடா இன்ஸ்டிடியூட்டுக்கு இயக்குநராக வந்தது 1933-இல். திருச்சிப் பக்கம் பிறந்தவர், சென்னையில் படித்தவர், கல்கத்தாவில் கண்டுபிடித்தவர், பெங்களூரில் வாழ்ந்து மறைந்தவர். நான்கு ஊரும் உரிமை கொண்டாடும். எது எங்கே என்று பிரித்து எழுதுவது கேள்வி தயாரிப்பவரின் வேலை. கூடவே உழைத்த வத்திராயிருப்பு கே.எஸ். கிருஷ்ணனின் பெயரையும் விட்டுவிடாதீர்கள். அது வேறொரு நல்ல கேள்வி.

கதையைவிடக் கல் மூத்தது

வேட்டைக்குப் போய் வழிதவறிய ஹொய்சள மன்னன் வீர வல்லாளனுக்கு ஒரு கிழவி வேகவைத்த அவரை கொடுத்தாள், அதனால் ஊருக்கு ‘பெந்தகாளூரு’ என்று பெயர் வந்தது. இந்தக் கதை தெரியாத பெங்களூர்க் குழந்தை இல்லை. இரண்டாம் வீர வல்லாளன் ஆண்டது 12-ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 13-இன் தொடக்கம் வரை. ஆனால் பேகூர் கோயிலில் இருக்கும் சுமார் கி.பி. 890-ஐச் சேர்ந்த கங்கர் காலக் கல்வெட்டு ‘பெங்களூர்ப் போர்’ என்றே சொல்கிறது. மன்னன் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுக்கும் முன்பே பெயர் கல்லில் இருக்கிறது. கெம்பே கௌடர் கோட்டை கட்டிய 1537 அதற்கும் வெகு பின்னால்.

பெயர்க் காரணக் கதை எது கிடைத்தாலும் இரண்டு ஆண்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். கதையில் வரும் ஆள் வாழ்ந்த காலம் ஒன்று. அந்தப் பெயர் முதன்முதலில் எழுத்தில் கிடைக்கும் காலம் மற்றொன்று. இரண்டாவது முந்தியிருந்தால் கதையைக் கதையாக மட்டும் சொல்லலாம்.

இங்கே நம்மவர்கள் செய்யும் தவறு ஒன்றும் உண்டு. மடிவாளா சோமேஸ்வரர் கோயில் வெளிச்சுவரில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பழையது 1247-ஐச் சேர்ந்தது, ‘வெங்களூர்’ பெரிய ஏரிக்குக் கீழே நிலம் கொடுத்ததைப் பேசுவது. தொம்மலூர் சொக்கநாதர் கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டு உண்டு. அருமையான தகவல்கள். இவற்றை வைத்து ‘பெங்களூர் யாருடைய ஊர்’ என்று வாதாடக் கிளம்புவது கல்வெட்டுக்குச் செய்யும் அநியாயம். நிலம் கொடுத்தவர் யார், எந்தக் கோயிலுக்கு, எந்த மன்னர் காலத்தில் என்பதைத்தான் கல் சொல்கிறது. அதற்கு மேல் அதன் வாயில் எதையும் திணிக்க முடியாது.

நிழலில்லா நாளைப் பார்க்கிறவர்கள் கோட்டைவிடும் இடம்

‘அபூர்வ நிகழ்வு, ஆண்டுக்கு ஒருமுறை, இன்று பகல் 12 மணிக்கு நிழல் மறையும்’ என்று ஏப்ரலில் ஒரு செய்தி சுற்றும். ஒரே வாக்கியத்தில் மூன்று பிழை. கடகரேகைக்கும் மகரரேகைக்கும் நடுவில் இருக்கும் எல்லா ஊருக்கும், சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் மறையும் இந்த நாள் ஆண்டுக்கு இரண்டு முறை உண்டு. பெங்களூருக்கு ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும். மும்பைக்கு மே மாத நடுவிலும் ஜூலை கடைசியிலும். டெல்லிக்கு என்றைக்கும் கிடையாது. அங்கே ஜூன் 21 உச்சிவேளையில்கூட ஒரு மீட்டர் குச்சிக்கு 9 செ.மீ. நிழல் விழும்.

நேரம்தான் பலரைக் கவிழ்க்கிறது. நம் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கரேகைக்கு வைத்தது. பெங்களூர் இருப்பது 77.6-இல். ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்று கணக்குப் போட்டால் சூரியன் இங்கே உச்சிக்கு வர ஏறக்குறைய 20 நிமிடம் தாமதமாகும். பூமியின் சுற்றுப்பாதை நீள்வட்டமாக இருப்பதாலும் அச்சு சாய்ந்திருப்பதாலும் இதில் சில நிமிடம் கூடும், குறையும். ஆக ஏப்ரல் 24 அன்று பெங்களூரின் உச்சிவேளை சுமார் 12:17, ஆகஸ்ட் 18 அன்று சுமார் 12:24. சென்னைத் தொலைக்காட்சி சொல்லும் 12:07-ஐ நம்பி இங்கே மாடி ஏறினால் ஒரு மீட்டர் கம்பிக்கு 4 செ.மீ.க்கு மேல் நிழல் தெரியும். சரியாக 12 மணிக்குப் பார்த்தால் 7 செ.மீ. தாண்டும். ‘எல்லாம் புருடா’ என்று சொல்லி இறங்கிவிடுவார்கள். நாள் ஒன்று தவறினால் அவ்வளவு மோசமில்லை. ஆறேழு மில்லிமீட்டர்தான் வித்தியாசம். நிமிடம் தவறக் கூடாது.

அடுத்தது குச்சி. மொட்டை மாடித் தளம் சமமாக இருக்காது, மழைநீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். நூறுக்கு ஒன்று வாட்டமுள்ள தளத்தில் ஒரு மீட்டர் பிவிசி பைப்பைத் தளத்துக்கு நேராக நிறுத்தினால், பைப் உண்மையில் சாய்ந்திருக்கும், ஒரு செ.மீ. நிழல் விழும். ஒரு டிகிரி சாய்ந்தால் 1.7 செ.மீ. ஆகவே தளத்தைப் பார்க்காமல் தூக்குக்குண்டைப் பார்த்து நிறுத்துங்கள். இரண்டு பக்கம் ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் சரி. வெள்ளைத் தாள் ஒன்றை அடியில் ஒட்டி, 12:10 முதல் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால், நிழல் மேற்கிலிருந்து சுருங்கி வந்து கிழக்கே நீள்வது தெரியும். குழந்தைகளை நிற்க வைத்துப் படம் எடுப்பதில் பயனில்லை; தோளும் தலையும் நிழல் தரும். சூரியனை யாரும் நிமிர்ந்து பார்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் ‘தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது’ என்பதையும் சரிபார்க்கலாம். விமானம் ஏறக்குறைய 60 மீட்டர் உயரம், மேலே போகப் போகக் குறுகுவது, அடியின் அகலம் சுமார் 30 மீட்டர். வெயில் உச்சியில் இருக்கும் மாதங்களில் நண்பகல் நிழல் அதன் உடம்பிலேயே விழுந்துவிடும். டிசம்பரில் நண்பகலில்கூடச் சூரியன் உச்சியிலிருந்து 34 டிகிரி தெற்கே சாய்ந்திருக்கும். அப்போது அடித்தளத்தைத் தாண்டி வடக்கே 25 மீட்டர் வரை நிழல் போகும். காலையும் மாலையும் கேட்கவே வேண்டாம். ‘சில மாதங்களில், நண்பகலில்’ என்ற வரம்பைத் தொலைத்த தகவல் அது.

சிதம்பரம், பாதி உண்மை

காளஹஸ்தி, காஞ்சிபுரம், சிதம்பரம் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன, சிதம்பரம் பூமியின் காந்த மையம் என்றொரு செய்தி. முதல் பாதியைக் கைபேசியிலேயே சோதிக்கலாம். வரைபடத்தில் கோயிலின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண் வரும், இரண்டாவது தீர்க்கரேகை. மூன்று கோயிலுக்கும் 79.69, 79.70 என்றே வரும். ஒரு கிலோமீட்டருக்குள் அடங்கும் வித்தியாசம். நிஜமாகவே வியக்கலாம். ஆனால் ‘பஞ்சபூதத் தலங்கள் ஐந்தும்’ என்று நீட்டினால் உடைந்துவிடும். திருவண்ணாமலை அந்தக் கோட்டுக்கு மேற்கே 65 கிலோமீட்டருக்கு மேல், திருவானைக்காவல் 100-க்கு மேல்.

காந்த மையம் என்பதற்கு அறிவியலில் இடமே இல்லை. பூமியின் காந்தப்புலம் தரைக்கு இணையாக இருக்கும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு என்று ஒன்று உண்டு. அது இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது, ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரவும் செய்கிறது. திருவனந்தபுரத்துக்குப் பக்கத்திலுள்ள தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்தெடுத்ததற்கு அதுதான் காரணம். 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. ஒரு செய்தியில் உண்மையும் கற்பனையும் கலந்து வந்தால், சரியாக இருக்கும் பாதியை நம்பி மறுபாதியை விழுங்கிவிடுகிறோம். வாக்கியத்தை உடைத்துத் தனித்தனியாகச் சோதிப்பதுதான் வழி.

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்குமா?

பாடப்புத்தகத்தில் இருப்பதாலேயே யாரும் கேள்வி கேட்காத தகவல். கடல்மட்டத்தில் சரி. பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊட்டியில் 92, 93. ஏறக்குறைய 300 மீட்டர் ஏற ஒரு டிகிரி குறையும்.

இதிலிருந்து ‘பெங்களூரில் சமையல் சீக்கிரம் முடியும்’ என்று முடிவுகட்டுவார்கள், நேர்மாறாக. கொதி சீக்கிரம் வரும், ஆனால் அந்தத் தண்ணீரின் சூடு குறைவு, திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு கூடுதல் நேரம் எடுக்கும். குக்கரில் வித்தியாசம் அவ்வளவு தெரியாது. உள்ளே 120 டிகிரிப் பக்கம் போகும், இங்கே ஒன்றிரண்டு டிகிரிதான் குறையும். சோதித்துப் பார்க்க 110 டிகிரி வரை காட்டும் ஆய்வுக்கூட வெப்பமானி வேண்டும். முதலில் நொறுக்கிய பனிக்கட்டித் தண்ணீரில் வைத்து பூஜ்யம் காட்டுகிறதா என்று பாருங்கள். பிறகு தளதளவென்று கொதிக்கும்போது, வெப்பமானியின் குமிழ் பாத்திரத்தின் அடியில் படாமல் பிடியுங்கள். பட்டால் அளவு கூடிக் காட்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைப் போட்டுவிடாதீர்கள், அது 42 டிகிரியோடு நின்று வெடித்துவிடும்.

‘நம் தேசிய கீதத்தை யுனெஸ்கோ உலகிலேயே சிறந்ததாகத் தேர்ந்தெடுத்தது’ போன்றவற்றுக்கு இத்தனை பாடு தேவையில்லை. அந்த அமைப்பு எந்த நாட்டுக் கீதத்துக்கும் அப்படிப் பட்டம் கொடுத்ததில்லை, அழித்துவிட்டுப் போகலாம். ஐன்ஸ்டைன் கணக்கில் தோற்றார் என்பதும் அந்த வகைதான். பதினைந்து வயதுக்குள் நுண்கணிதம் கற்றவர் அவர். 1895-இல் ஜூரிச் நுழைவுத் தேர்வில் சறுக்கியது மற்ற பாடங்களில்.

கவனம் அதிகம் வேண்டியது, கேட்டவர் வீட்டுக்குப் போய்ச் செய்து பார்க்கக்கூடிய தகவல்களில். ‘தேன் கெடவே கெடாது’ என்பது குழந்தைகள் சுற்றில் தவறாமல் வரும். மூடி இறுக்கமாக இருந்து, ஈரம் 18 சதவீதத்தைத் தாண்டாதவரை உண்மை. ஈரக் கரண்டி போட்டாலும், பெங்களூர் மழைக்காலத்தில் திறந்து வைத்தாலும் மேற்பரப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து, நுரைத்துப் புளிக்கும். அதைவிட முக்கியம்: தேனில் பாட்டுலிசம் நோய்க் கிருமியின் விதைகள் இருக்கக்கூடும். பெரியவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் அவை முளைத்து நஞ்சு சுரக்கும். ‘கெடாத உணவு’ என்று படித்துவிட்டுக் கைக்குழந்தையின் நாக்கில் தொட்டு வைப்பவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கேள்வியைத் தாளில் வைத்தால், விடையோடு ‘ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது’ என்ற வரியையும் சத்தமாகப் படித்துவிடுங்கள்.