டைல் அட்ஹெசிவ் லேப் ரிப்போர்ட் ரெண்ட பக்கத்துல பக்கத்துல வச்சு எப்படி பாக்குறது

ரெண்டு கம்பெனி ஆளுங்க வந்து டைல் ஒட்டுற பேஸ்ட்டுக்கு (அதான் டைல் அட்ஹெசிவ்) ரெண்டு லேப் ரிப்போர்ட் குடுத்துட்டுப் போயிருப்பாங்க, ஒட்டுற பலம் ஒண்ணுல 1.9 எம்பிஏ-னு (மெகாபாஸ்கல், பலத்தோட அலகு) இருக்கும் இன்னொண்ணுல 1.3-னு இருக்கும், முக்கால்வாசிப் பேரு யோசிக்காம 1.9-அ எடுத்துடுவாங்க. நானும் ஒரு தடவ அப்படித்தான் எடுத்தேன். மதுரையில அக்கா வீட்டு எலிவேஷன், மேற்கு பாத்த சுவரு, அடர் சாம்பல் கலர் விட்ரிஃபைட் டைல்ஸ். மொத வருஷம் ஒண்ணும் ஆகல. ரெண்டாவது மே மாசம் ஒருநாள் சாயங்காலம் மேல் வரிசையில இருந்து ஒரு டைல் முழுசா கழண்டு கீழ விழுந்துச்சு, அங்க விளையாடிட்டு இருந்த பசங்க அப்பதான் உள்ள போயிருந்தாங்க, இப்ப நெனச்சாலும் வயித்தக் கலக்குது. விழுந்த டைலோட பின்பக்கம் கழுவி வச்ச தட்டு மாதிரி சுத்தமா இருந்துச்சு, பேஸ்ட் எல்லாம் சுவர்லயே நிக்குது. அப்புறம்தான் அந்த ரிப்போர்ட்ட எடுத்து வரி வரியா படிச்சேன். அதுல இருந்தது ஒரே ஒரு பலம் நம்பர்தான், சாதா நிலையில 28 நாள் வச்சு எடுத்தது. சூட்டுல வச்சு எடுக்குற டெஸ்ட அவங்க பண்ணவே இல்ல.

அதனால ரிப்போர்ட்ட கையில வாங்கினதும் நம்பரப் பாக்காதீங்க, எந்த ஸ்டாண்டர்டுல டெஸ்ட் பண்ணிருக்காங்கன்னு மேல பாருங்க. நம்ம ஊர்ல பெரும்பாலும் ஐஎஸ் 15477-னு இந்திய ஸ்டாண்டர்டு இருக்கும், 2004-ல வந்து 2019-ல திருத்தினது, டைப் 1-ல இருந்து டைப் 5 வரைக்கும் பிரிச்சிருப்பாங்க. வெளிநாட்டு கம்பெனின்னா ஈஎன் 12004 இல்ல ஐஎஸ்ஓ 13007, அதுல சி1, சி2-னு ரெண்டு தரம் வரும், சி2-தான் ஒசத்தி. அமெரிக்கா பக்கம்னா ஏஎன்எஸ்ஐ ஏ118.4, ஏ118.15 மாதிரி. ரெண்டு ரிப்போர்ட்டும் ஒரே ஸ்டாண்டர்டு, அதுவும் ஒரே வருஷப் பதிப்பா இருந்தாதான் நேருக்கு நேர் வச்சுப் பாக்க முடியும். இல்லேன்னா ஒண்ணு கிலோவுல இன்னொண்ணு லிட்டர்ல அளந்த மாதிரிதான்.

அடுத்து இழுத்தாங்களா தள்ளினாங்களான்னு பாக்கணும். ஈஎன், ஐஎஸ்ஓ ரெண்டுலயும் சிமென்ட் அட்ஹெசிவ்வுக்கு டென்சைல் டெஸ்ட், அதாவது டைல நேரா மேல இழுத்துப் பிக்கிறது. ஏஎன்எஸ்ஐல ஷியர், டைல பக்கவாட்டுல தள்ளி வழுக்க வைக்கிறது, ரிசல்ட் பிஎஸ்ஐல (சதுர அங்குலத்துக்கு எத்தன பவுண்டுன்னு) வரும். ஏ118.4-ல விட்ரிஃபைட் மாதிரி தண்ணி குடிக்காத டைலுக்கு 28 நாள்ல 200 பிஎஸ்ஐ கேப்பாங்க, ஏ118.15-ல 400. 145 பிஎஸ்ஐ ஒரு எம்பிஏ, அப்போ 400 பிஎஸ்ஐன்னா கிட்டத்தட்ட 2.8 எம்பிஏ. இதப் பாத்துட்டு "சி2 வெறும் 1.0 தான், இது 2.8, மூணு மடங்கு ஸ்ட்ராங்"னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, ஷியர் நம்பரையும் டென்சைல் நம்பரையும் எந்தக் கணக்கப் போட்டும் ஒண்ணுல இருந்து இன்னொண்ணுக்கு மாத்த முடியாது. ஐஎஸ் ரிப்போர்ட்ல ரெண்டுமே வரும், ஷியர் கிலோநியூட்டன்ல இருக்கும், அது மொத்த விசைதான், ஒட்டின பரப்பளவால வகுத்தாதான் பலம் கிடைக்கும்.

அலகு விஷயத்துல இன்னொண்ணு. சதுர மில்லிமீட்டருக்கு ஒரு நியூட்டன்னா அது ஒரு எம்பிஏ, ரெண்டும் ஒண்ணுதான். சதுர சென்டிமீட்டருக்கு கிலோன்னு போட்டா சுமார் 10.2. ஈஎன் டெஸ்ட்ல டைல் 50-க்கு 50 மில்லிமீட்டர், அதாவது 2,500 சதுர மில்லிமீட்டர், அதனால மெஷின்ல 3,250 நியூட்டன் காட்டுச்சுன்னா பலம் 1.3. விசைய தனியா குடுத்திருந்தா நீங்களே வகுத்துப் பாருங்க, நான் எப்பவும் ரெண்டு மூணு வரிய வகுத்துப் பாப்பேன், ஏன்னா தப்பு இருந்தா அங்கதான் மொதல்ல தெரியும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வருவோம். சி2 அட்ஹெசிவ்னா ஒரு நம்பர் இல்ல, நாலு நம்பர் இருக்கணும், நாலுமே 1.0-ஓ அதுக்கு மேலயோ இருக்கணும். சி1-னா நாலும் 0.5. மொதல்ல சாதா நிலை: 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம், 27 நாள் வச்சு, அதுக்கப்புறம் டைல் மேல இரும்புத் தல ஒண்ண எபாக்ஸில ஒட்டி மறுநாள் இழுப்பாங்க. ரெண்டாவது தண்ணி: 7 நாள் சாதா நிலையில, 20 நாள் தண்ணிக்குள்ள, ஈரத்தோடவே இழுப்பாங்க. மூணாவது சூடு: 14 நாள் சாதாவா வச்சுட்டு அப்புறம் 14 நாள் 70 டிகிரி அடுப்புல. நாலாவது உறைஞ்சு உருகுறது, 25 சுத்து, ஊட்டி கொடைக்கானல்ல வெளி வேல இல்லேன்னா நமக்கு அவ்வளவா தேவப்படாது.

ஏன் இத்தன பாடுன்னா, ஒவ்வொண்ணும் அட்ஹெசிவ்ல வேற வேற எடத்தப் பதம் பாக்குது. விட்ரிஃபைட் டைல் தண்ணிய உறிஞ்சவே உறிஞ்சாது, 0.5 சதவீதத்துக்கும் கீழ. பழைய செராமிக் வால் டைல்ல சிமென்ட் பால் உள்ள போயி வேர் புடிச்ச மாதிரி நிக்கும், இதுல அந்த வழியே கிடையாது, பேஸ்ட்ல கலந்திருக்குற பாலிமர்தான் (பிளாஸ்டிக் மாதிரி வளைஞ்சு குடுக்குற பொருள்) ஒட்டணும். பாலிமர் கம்மியா போட்ட மூட்டையும் சாதா நிலையில நல்ல நம்பர் காட்டிடும். அடுப்புல வச்சா டைல் ஒரு அளவுக்கு விரியும், கான்கிரீட் வேற அளவுக்கு விரியும், நடுவுல இருக்குற பேஸ்ட் காஞ்சு சுருங்கும், வளைஞ்சு குடுக்க பாலிமர் இல்லாததால டைல் பக்கத்துல பிரிஞ்சிடும். தண்ணியில வச்சா கத வேற, பாலிமர் படலம் ஊறி மெத்துன்னு ஆயிடும், அதனால சூட்டுல நல்லா இருக்குற சரக்கு தண்ணியில இறங்குறதும் உண்டு.

ஒரு உதாரணம் (நானே போட்ட நம்பர், கணக்கு புரியுறதுக்காக). முதல் ரிப்போர்ட்: சாதா 1.9, தண்ணி 1.0, சூடு 0.6. ரெண்டாவது: சாதா 1.3, தண்ணி 1.1, சூடு 1.1. முதல்ல இருக்குறது சூட்டுல மூணுல ரெண்டு பங்கு பலத்த விட்டுடுச்சு, சி2-வே கிடையாது. ரெண்டாவது 1.3-ல இருந்து 1.1-க்குதான் இறங்கிருக்கு. எலிவேஷனுக்கு, மொட்டமாடிக்கு நான் கண்ண மூடிட்டு ரெண்டாவதத்தான் வாங்குவேன். ரெண்டு ரிப்போர்ட்டையும் பாக்குறப்ப ஒவ்வொண்ணுலயும் ரொம்பக் கம்மியா இருக்குற வரிய வட்டம் போடுங்க, அந்த ரெண்டு வட்டத்தத்தான் ஒப்பிடணும். ஏதாவது ஒரு வரியே இல்லேன்னா அந்த இடத்துல சைபர்னு எழுதிக்கோங்க, கேட்டு வாங்கிட்டு அப்புறம் மாத்திக்கலாம்.

சராசரிக்கு உள்ளயும் எட்டிப் பாக்கணும். ஒவ்வொரு நிலைக்கும் பத்து டைல் இழுப்பாங்க. பத்தோட சராசரி எடுத்து, அதுல இருந்து 20 சதவீதத்துக்கு மேல விலகினத தூக்கிடுவாங்க, மிச்சம் அஞ்சோ அதுக்கு மேலயோ இருந்தா திரும்ப சராசரி, அஞ்சுக்கும் கீழ போனா டெஸ்ட்டே மறுபடி பண்ணணும். 1.4, 1.3, 1.5, 1.2, 0.8, 1.4, 1.3, 1.9, 1.4, 1.3 இத எடுத்துக்கோங்க, சராசரி 1.35, வரம்பு 1.08-ல இருந்து 1.62, 0.8-உம் 1.9-உம் வெளிய, மிச்ச எட்டோட சராசரியும் 1.35, அத 1.4-னு போடுவாங்க, நல்ல டெஸ்ட். இப்ப 0.6, 2.1, 0.8, 1.9, 1.3, 1.4, 1.4, 0.9, 1.8, 1.3. இதுக்கும் சராசரி 1.35 தான்! ஆனா வரம்புக்குள்ள நிக்கிறது நாலே நாலு. இந்த ரிசல்ட்ட ரிப்போர்ட்ல போடவே கூடாது. சுருக்கத்த மட்டும் குடுத்தா ரெண்டும் ஒரே மாதிரி தெரியும், அதனாலதான் பத்து ரீடிங்கும் கேட்டு வாங்குங்கன்னு கெஞ்சிக் கேக்குறேன். அதே மாதிரி ரிசல்ட்ட 0.1-க்கு ரவுண்ட் பண்றது வழக்கம், 1.34-க்கும் 1.31-க்கும் சண்ட போட்டு மூட்டைக்கு முப்பது ரூபா கூட குடுக்காதீங்க.

இப்ப எங்க பிரிஞ்சுதுங்குறது. இது நிறைய பேர் படிக்காத கட்டம், என்னக் கேட்டா நம்பருக்குச் சமமான விஷயம். ரீடிங் பக்கத்துல ஏஎஃப்-டி, சிஎஃப்-ஏ-ன்னு கோட் இருக்கும். ஏஎஃப்-டின்னா பேஸ்ட்டுக்கும் டைலுக்கும் நடுவுல கழண்டுச்சு, அக்கா வீட்டுல நடந்தது அதுதான். ஏஎஃப்-எஸ்னா பேஸ்ட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவுல. சிஎஃப்-ஏன்னா பேஸ்ட்டே நடுவுல கிழிஞ்சு ரெண்டு பக்கமும் ஒட்டிட்டு இருக்கு, அப்போ காட்டுற நம்பர் பேஸ்ட்டோட சொந்த பலம். சிஎஃப்-எஸ்னா கான்கிரீட்டே பிச்சுட்டு வந்துடுச்சு, சிஎஃப்-டின்னா டைலே உடஞ்சிடுச்சு, பிடிங்குற கோட்னா இரும்புத் தல கழண்டுடுச்சு. இந்தக் கடைசி மூணுலயும் அட்ஹெசிவ் இன்னும் தாங்கிட்டுதான் இருந்துச்சு, அதனால 1.2, பிடின்னு இருந்தா அது "1.2-க்கு மேல"ன்னு அர்த்தம், அத இன்னொரு ரிப்போர்ட்ல இருக்குற 1.4, ஏஎஃப்-டியோட சேத்து கம்மின்னு தள்ளிடாதீங்க. நம்பர் சமமா இருந்தா, சூட்டு வரியில சிஎஃப்-ஏ இருக்குறத எடுங்க, ஏஎஃப்-டி நூறு சதவீதம்னு இருக்குறத நான் வெளிச்சுவருக்குத் தொடமாட்டேன்.

ஓபன் டைம்ங்குற வரியும் இருக்கும், கரண்டியில இழுத்து வச்ச பேஸ்ட் மேல எத்தன நிமிஷம் கழிச்சு டைல் வச்சாலும் 0.5 வருதுன்னு. சாதாரணமா 20 நிமிஷம், பேர்ல ஈன்னு எழுத்து இருந்தா 30. இந்த டெஸ்ட்ல மட்டும் தண்ணி நல்லா உறிஞ்சுற டைல வைப்பாங்க, அதனால இந்த வரி நம்பர பலம் வரியோட கலக்காதீங்க. அதோட இது காத்தில்லாத 23 டிகிரி ரூம்ல எடுத்தது, நம்ம சைட்டுல மதியம் ரெண்டு மணிக்கு காத்தடிச்சா அந்த 20 நிமிஷம் நிக்காது, விரலால தொட்டுப் பாத்து ஒட்டலேன்னா சொரண்டிப் போட்டுடணும், மேல தண்ணி தெளிச்சு சமாளிக்கக் கூடாது. பேர்ல டின்னு எழுத்து இருந்தா டைல் சுவர்ல சறுக்காது, 0.5 மில்லிமீட்டருக்குள்ள. எஸ்1-னா காஞ்ச பேஸ்ட் 2.5 மில்லிமீட்டர்ல இருந்து 5 வரைக்கும் வளையும், எஸ்2-ன்னா 5-உம் அதுக்கு மேலயும், பெரிய டைலுக்கும் வெயில் படுற சுவருக்கும் இத கேளுங்க.

அப்புறம் தேதி. சாம்பிள் வாங்கின தேதியும் ரிப்போர்ட் தேதியும் போட்டிருப்பாங்க, கழிச்சுப் பாருங்க. சாதா டெஸ்டுக்கே 28 நாள் வேணும், சூடு டெஸ்டுக்கு 14-உம் 14-உம் சேத்து மேல ஒரு நாள், அப்போ மூணு வாரத்துல எல்லா வரியும் நிரம்பின ரிப்போர்ட் வந்தா லேபுக்கே போன் போட்டு ரிப்போர்ட் நம்பர சொல்லிக் கேளுங்க. என்ஏபிஎல் (லேபுகளுக்கு அங்கீகாரம் குடுக்குற அமைப்பு) முத்திரை இருந்தா மட்டும் போதாது, அந்த லேபோட ஸ்கோப்ல, அதாவது அங்கீகாரம் வாங்கின டெஸ்ட் பட்டியல்ல, இந்த டெஸ்ட் இருக்கான்னும் பாக்கணும், என்ஏபிஎல் வெப்சைட்டுலயே தேடிடலாம். சாம்பிள் யாரு குடுத்தாங்கன்னும் பாருங்க. கம்பெனியே அனுப்பின சாம்பிள்னா ரிசல்ட் அந்த சாம்பிளுக்கு மட்டும்தான் பொருந்தும்னு லேபே கீழ எழுதியிருக்கும், பெரிய வேலன்னா கடையில நீங்களா ஒரு மூட்டை எடுத்து சீல் போட்டு அனுப்புறது செலவுதான் ஆனாலும் பண்ணுங்க. பேட்ச் நம்பர், மூட்டைக்கு எவ்ளோ தண்ணி சேத்தாங்க, இதையும் குறிச்சுக்கோங்க. ரிப்போர்ட்ல 20 கிலோவுக்கு 5 லிட்டர்னு இருந்து மூட்டையில 6 லிட்டர் வரைக்கும்னு அச்சடிச்சிருந்தா அந்த நம்பர் நம்ம கலவைக்கு வராது.

லேப்ல ஒட்டுற அடியும் நம்ம சுவரும் வேற. அங்க 40 மில்லிமீட்டர் கான்கிரீட் பலகை, பல்லு வச்ச கரண்டிய 60 டிகிரி சாய்ச்சு இழுத்து, குட்டி டைல வச்சு 20 நியூட்டன் எடைய 30 செகண்ட் வைப்பாங்க. நம்ம வீட்டுல க்யூரிங் பத்தாத பூச்சு, அட்ஹெசிவ் தாங்குறதுக்கு முன்னாடி பூச்சே பிச்சுக்கும், அப்ப 1.3-உம் 1.9-உம் ஒண்ணுதான். ரெண்டு ரிப்போர்ட்டும் கிட்டத்தட்ட சமமா இருந்து முடிவெடுக்க முடியலேன்னா, உங்க சுவர்லயே ரெண்டு சரக்கையும் ஆளுக்கு அஞ்சாறு டைல் ஒட்டி, 28 நாள் வெயில்ல விட்டு, புல்-ஆஃப் மெஷின் வச்சிருக்கிற லேப்காரங்கள கூப்ட்டு இழுக்கச் சொல்லுங்க. அக்கா வீட்டுக்கு இரண்டாம் தடவ அப்படித்தான் பண்ணோம், சுவத்துப் பூச்சையும் ஒரு பக்கம் கொத்திட்டு புதுசா பூசினோம். பெரிய டைல ஒட்டுறப்ப நடுவுல ஒண்ண அஞ்சு நிமிஷத்துலயே எடுத்துப் பின்பக்கம் பாத்தோம், வெளிச்சுவருக்கு 95 சதவீதம் பேஸ்ட் பட்டிருக்கணும், எங்களுக்கு மொத டைல்ல ஓரம் நாலும் காலியா இருந்துச்சு, அன்னைக்கே பெரிய பல்லு கரண்டி வாங்கி வந்து டைலோட பின்பக்கமும் பூசச் சொன்னோம்.