சதுப்புநில மண்பாதையில் ஒரு நாள் சைக்கிள்: முதல்முறை போகிறவர்களுக்கு

சதுப்புநிலத்தில் மேடு கிடையாது, அதனால் சுலபம் என்று நினைத்துவிடாதீர்கள். ஈரமண் சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். பாதை போகும் மண்கரைமேல் மறைப்பே இல்லாததால் காற்று நேராக நெஞ்சில் மோதும். முதல் நாளுக்கு 20 கி.மீ. போதும்.

1. முந்தின நாளே, சைக்கிளை எந்தெந்தப் பாதையில் விடுகிறார்கள் என்று அந்தச் சதுப்புநிலக் காப்பகத்தில் கேளுங்கள். பறவைகள் முட்டையிடும் பருவத்தில் சில கரைகளை மூடிவைப்பதுண்டு.

2. டயர் 40 மி.மீ. அகலமாவது இருக்கட்டும். மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே சுண்டுவிரல் தாராளமாக நுழைய வேண்டும். இல்லையென்றால் களிமண் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது. அவ்வளவு இடைவெளி இல்லாவிட்டால் மட்கார்டைக் கழற்றிவிட்டுப் போங்கள், முதுகில் சேறு தெறித்தால் தெறிக்கட்டும்.

3. டயரில் காற்றைக் குறையுங்கள். 70 கிலோ எடை, 2 அங்குல டயர் என்றால் முன்சக்கரத்துக்கு 25, பின்சக்கரத்துக்கு 28 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) வைத்து ஓட்டிப் பாருங்கள். டயரின் பக்கவாட்டில் போட்டிருக்கும் குறைந்தபட்ச அளவுக்குக் கீழே வேண்டாம். கல்லில் ஏறும்போது டியூப் ரிம்மில் நசுங்கி, அடுத்தடுத்து இரண்டு ஓட்டை விழும்.

4. மாற்று டியூப், டயர் கழற்றும் லீவர் இரண்டு, கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், 2 லிட்டர் தண்ணீர். முள் குத்தினால், டியூபை மாற்றுவதற்குமுன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவுங்கள். ஒடிந்த முள்முனை துணியில் மாட்டும். அதை எடுக்காமல் மாட்டினால் புது டியூபும் போச்சு.

5. விடியும்போதே கிளம்புங்கள். போகும்போது எதிர்காற்று, திரும்பும்போது பின்காற்று என்று வழியை வகுத்துக்கொள்ளுங்கள்.

6. முதல் நூறு மீட்டர் போனதும் இறங்கி உங்கள் டயர்த் தடத்தைப் பாருங்கள். டயரின் பூ மட்டும் பதிந்திருந்தால் போகலாம். ஒரு விரற்கடை ஆழத்துக்குப் பள்ளம் விழுந்திருந்தால் அன்றைக்குத் திரும்பிவிடுவதே நல்லது. அந்தப் பள்ளத்தில்தான் அடுத்த மழைத்தண்ணீர் ஓடி, கரையை அரிக்கும்.

7. வழுக்கும் இடத்தில் லேசான கியர், சீட்டில் உட்கார்ந்தபடி சீரான மிதி. எழுந்து மிதித்தால் பின்சக்கரம் பாரமிழந்து சும்மா சுழலும். நனைந்த மரப்பாலத்துக்கு வரும்முன்பே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பாலத்தின்மேல் ஹேண்டிலைத் திருப்பவோ முன்பிரேக்கைத் தொடவோ கூடாது. பலகைகள் நீளவாக்கில் அடித்திருந்தால், சந்தில் சக்கரம் மாட்டும், தள்ளிக்கொண்டே போங்கள்.

8. மேய்கிற பறவைகள் தலையைத் தூக்கிப் பார்த்தால் நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். ஆட்காட்டி தலைக்குமேல் சுற்றிச் சுற்றிக் கத்துகிறதா? அதன் முட்டைகள் தரையிலேயே, பக்கத்தில் எங்கோ கிடக்கின்றன. படம் எடுக்க நிற்க வேண்டாம். தாய் விலகியிருக்கும் நேரமெல்லாம் முட்டை வெயிலில் வேகும்.

9. வீட்டுக்குக் கிளம்புமுன் டயர், பெடல், செருப்பு எல்லாவற்றிலும் ஒட்டிய சேற்றை அங்கேயே சுரண்டிவிடுங்கள். ஆகாயத்தாமரையின் ஒரு துண்டு போதும், இன்னொரு குளத்தில் முளைக்க. வீட்டில் வாளித்தண்ணீரும் பிரஷ்ஷும் போதும்; தண்ணீரைப் பீய்ச்சியடித்தால் பேரிங்குக்குள் சேறு இறங்கும். செயினைத் துடைத்து, காய்ந்தபிறகு எண்ணெய் விடுங்கள்.