காட்டுயிர் ஆய்வாளராக முதல் அடி: முதுகலை ஆய்வேட்டுக்கான களப்பணி

இளங்கலையில் விலங்கியலோ தாவரவியலோ படித்தவர்களுக்கு முதுகலைக் காட்டுயிரியல் படிக்கத் தமிழ்நாட்டிலேயே இடமிருக்கிறது: மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரி, ஊட்டி அரசு கலைக் கல்லூரி. வெளியே டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனமும் பெங்களூரு என்.சி.பி.எஸ்.ஸும் (தேசிய உயிரியல் அறிவியல் மையம்) உண்டு; போட்டி கடுமை. எங்கே படித்தாலும், பிஎச்.டி.க்குப் போய் நிற்கும்போது முதலில் புரட்டப்படுவது முதுகலை ஆய்வேடு. அதைக் கெடுக்காமல் முடிக்கும் வழி இது.

கேள்வியில் தொடங்குங்கள். ‘முதுமலை மான்கள்’ என்பது வெறும் தலைப்பு. ‘உண்ணிச்செடி (லண்டானா) அடர்ந்த காட்டில் புள்ளிமான் அடர்த்தி குறைகிறதா?’ என்று கேட்டால், எதை, எங்கே எண்ணுவது என்பது அதிலேயே வந்துவிடும். கருவிகளைப் பற்றிய கவலை பிறகு. காட்டுயிர் ஆய்வாளர் ஏ.ஜே.டி. ஜான்சிங் 1970களில் பந்திப்பூர்ச் செந்நாய்களை ஆராய்ந்தது நேரில் பார்த்தும் எச்சங்களைப் பிரித்து இரையைக் கண்டறிந்தும்தான்.

அடுத்தது அனுமதி. சரணாலயத்துக்குள் ஆய்வு செய்ய 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 28ஆம் பிரிவின்படி மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளர் அனுமதி தர வேண்டும். விலங்கைப் பிடிப்பது, கழுத்தில் ரேடியோ காலர் மாட்டுவது எல்லாம் சட்டத்தின் கண்ணில் ‘வேட்டை’. அதற்கு 12ஆம் பிரிவு, முதல் அட்டவணை (மிக உயர்ந்த பாதுகாப்பு பெற்ற) விலங்கென்றால் மத்திய அரசின் ஒப்புதலும் வேண்டும். முதுகலை மாணவர் அந்தப் பக்கமே போக வேண்டாம். பார்த்து எண்ணும் ஆய்வுக்கே கோப்பு நகர மாதக்கணக்காகும். விண்ணப்பத்தில் எந்த வனச்சரகம், எத்தனை பேர், எந்தத் தேதிகள், என்ன முறை என்று தெளிவாக எழுதுங்கள். கல்லூரிக் கடிதம் மட்டும் வைத்து அனுப்பினால் கேள்வியோடு திரும்பி வரும்.

இனி டிரான்செக்ட். காட்டுக்குள் சுமார் 2 கிலோமீட்டர் நேர்கோடுகளைக் குறித்து, விடிந்ததும் மெதுவாக நடந்து எண்ணுவது. ஜீப் பாதையையே கோடாக்கிக்கொள்ளும் ஆசை எல்லோருக்கும் வரும். கூடாது. ஓரப் புல்லுக்காக மான் அங்கே கூடும், அல்லது வண்டிக்குப் பயந்து விலகும். இரண்டிலும் எண்ணிக்கை கோணிவிடும்.

மந்தையைப் பார்த்ததும் நின்று மூன்றை எழுதுங்கள்: எத்தனை தலை, தூரம், கோணம். தூரத்துக்கு லேசர் தூரமானி, கோணத்துக்குத் திசைகாட்டி. 40 மீட்டரில், நடக்கும் கோட்டுக்கு 30 பாகையில் மந்தை நின்றால், கோட்டிலிருந்து அதன் செங்குத்துத் தூரம் 20 மீட்டர் (தூரத்தைக் கோணத்தின் சைனால் பெருக்குவது). கோட்டிலிருந்து தள்ளிப் போகப் போக எத்தனை மந்தை கண்ணுக்குத் தப்புகிறது என்பதை இந்தத் தூரங்களை வைத்தே மதிப்பிடுகிறோம்; கணக்கு முழுக்க இந்த எண்ணை நம்பித்தான்.

வழக்கமாகக் கோளாறு வருவது இங்கேதான். மந்தையின் நடுவை விட்டுவிட்டு அருகிலிருக்கும் மானுக்கு அளந்தால் அடர்த்தி கூடித் தெரியும். தூரமானி இடையிலிருக்கும் இலையை அளந்துவிடும். இரண்டு முறை அளந்து ஒப்பிடுங்கள். கண்ணால் மதிப்பிட்டால் 10, 20, 50 என்றே கை எழுதும், வரைபடத்தில் அது அப்படியே காட்டிக்கொடுக்கும். உங்களைக் கண்டு ஓடிய மானுக்கு, முதலில் நின்ற இடத்தைத்தான் அளக்க வேண்டும்.

உண்ணிச்செடிக்குள் மான் குறைவாகக் கண்ணில் படுவது மான் குறைவாக இருப்பதாலா, மறைவு அதிகமாக இருப்பதாலா? இதைப் பிரித்துச் சொல்லத்தான் இத்தனை தூரக்கணக்கும். அதனால் கண்ணில் படும் வாய்ப்பை ஒவ்வொரு வாழிடத்துக்கும் தனியாக மதிப்பிட வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது 60 முதல் 80 பார்வைகள் தேவை. ஒரு நடைக்கு இரண்டு மந்தைதான் படுகிறது என்றால், 80 பார்வைக்கு 40 நடை, இரண்டு வாழிடத்துக்கு 80. ஒரு வாரம் முன்னோட்டமாக நடந்து பார்த்தே திட்டத்தை முடிவு செய்யுங்கள். ஒரே கோட்டில் திரும்பத் திரும்ப நடந்து பார்வையைக் கூட்டினாலும் பிழைவரம்பு போதுமான அளவு குறையாது; வாழிடத்துக்குப் பத்துக் கோடுகளாவது இருக்கட்டும்.

உடன் வரும் வேட்டைத்தடுப்புக் காவலர் நில் என்றால் நிற்க வேண்டும். யானை வாடையையும் ஒடிந்த கிளையையும் உங்களுக்கு முன்பே அவர் கவனித்திருப்பார். நடையைப் பாதியில் விட்டால், நடந்த நீளத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். முழு 2 கிலோமீட்டர் என்று எழுதிவிடக் கூடாது. மந்தை ஒன்றும் படாத நடையையும் எழுத வேண்டும். பலர் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள், அடர்த்தி வீங்கிவிடுகிறது.

பதிவுத்தாளில் பென்சிலால் எழுதுங்கள், மழையில் மை கரையும். அன்று மாலையே கணினியில் ஏற்றி, தாளைப் படமெடுத்து வையுங்கள். அலசலுக்கு ‘டிஸ்டன்ஸ்’ மென்பொருளும் ஆர் (R) நிரல்மொழியில் அதே பெயர்ப் பொதியும் இலவசம்.

ஆய்வேடு முடிகிற காலத்திலேயே, ஆய்வு உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டுக்கும் படிக்கத் தொடங்குங்கள். சி.எஸ்.ஐ.ஆர். உயிரறிவியல் தாளில் சூழலியல் ஒரு சிறு பங்குதான். மூலக்கூறு உயிரியலும் உயிர்வேதியியலும் கைவிட்டுப் போனவர்கள் யு.ஜி.சி. சுற்றுச்சூழல் அறிவியல் தாளையும் எழுதலாம். ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை) கிடைத்தால் முதல் இரண்டாண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. இப்படித் தனக்கான உதவித்தொகையோடு வரும் மாணவரைச் சேர்த்துக்கொள்வது வழிகாட்டிக்கும் எளிது. இதற்கிடையே ஆய்வறிக்கையின் ஒரு பிரதியை, இரண்டு பக்கத் தமிழ்ச் சுருக்கத்தோடு, வனத்துறைக்குக் கொடுத்துவிடுங்கள். அனுமதி ஆணையில் அது பெரும்பாலும் நிபந்தனையாகவே இருக்கும், பிஎச்.டி.க்கு அதே காட்டுக்கு விண்ணப்பிக்கும்போது பழைய கோப்பைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பார்கள்.